டேர்போ காருக்குப் புகைக்குழாய்: வெட்டும் முன் அளப்போம்

ஏப்ரல் மாதம் நெருங்கினால் ஊவாவின் கராஜ்களுக்கு ஒரு தனி வகை வாடிக்கையாளர் வரத் தொடங்குவார். கையில் ஒரு பழைய ஜப்பான் டேர்போ கார் இருக்கும். "நானா, சைலன்சர மாத்தித் தாங்க, சத்தமும் வேணும், இழுவையும் வேணும்" என்பார். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியும், தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் பந்தயமும் எமது பகுதி இளைஞர்களிடம் இந்த ஆசையை வளர்த்திருக்கின்றன. அதே பொக்ஸ் ஹில்லில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஒரு கார் தடத்தை விட்டு விலகியதில் 7 பேர் உயிரிழந்ததையும் நாம் மறந்துவிட முடியாது. மாற்றியமைத்த வாகனம் விளையாட்டுப் பொருளல்ல.

இந்த வேலையைப் பெரும்பாலான கராஜ்கள் வாய்ப்பேச்சில் பொறுப்பேற்கின்றன. குழாயின் விலையோடு கூலி என்று ஏதோ ஒரு தொகையைக் கூட்டிச் சொல்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கார் இரண்டு தடவை திரும்பி வருகிறது. இலாபம் போகிறது, சில வேளை வாடிக்கையாளரும் போய்விடுகிறார். வேலையை எப்படிச் செய்வது, அதற்கு எப்படி விலை போடுவது என்ற இரண்டையும் இவ்வாரம் சேர்த்தே படிப்போம்.

டேர்போ என்ன செய்கிறது?

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்த அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். எனவே என்ஜினுக்கும் டேர்போவுக்கும் இடையிலுள்ள பகுதியில் வெப்பமும் அழுத்தமும் காக்கப்பட வேண்டும். அங்கே ஒரு சிறு ஒழுக்கு இருந்தாலும் இழுவை குறையும். டேர்போவைத் தாண்டிய பின்னர் நிலைமை நேர்மாறானது. அங்கிருந்து புகை எவ்வளவு தடையின்றி வெளியேறுகிறதோ அவ்வளவு நல்லது. எமது வேலை இந்த இரண்டாம் பகுதியில்தான்.

மலைநாட்டுக்கு உரிய ஒரு விடயமும் உண்டு. கடல் மட்டத்தோடு ஒப்பிடும்போது பதுளையில் காற்றழுத்தம் சுமார் 8 வீதமும், ஹப்புத்தளையில் சுமார் 16 வீதமும் குறைவு. அதே பூஸ்ட்டைத் தர டேர்போ இங்கே அதிக வேகத்தில் சுழல வேண்டியிருக்கிறது. கொழும்பில் ஒருவர் செய்த அளவை அப்படியே பார்த்துச் செய்வது இதனால்தான் ஆபத்தாகிறது.

முதல் நாள்: கேள்வியும் அளவும்

வாகனம் எதற்காக ஓடப்போகிறது என்று முதலில் கேளுங்கள். போட்டிக்கு மட்டுமா, தினமும் பண்டாரவளைக்குப் போய்வரவா, தோட்டப் பாதையில் ஏறி இறங்கவா? பதிலைப் பொறுத்துக் குழாயின் பருமனும், அது செல்லும் பாதையும், சைலன்சர் பெட்டியின் அளவும் மாறும்.

பின்னர் பழைய குழாயில் கைவைப்பதற்கு முன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: முழு இழுவையில் பூஸ்ட் அளவு, தரைக்கும் வாகனத்தின் மிகத் தாழ்ந்த பகுதிக்கும் இடையிலான உயரம், ஏற்கெனவே உள்ள துருவும் உடைவும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பின் "இது முன்பு இருக்கவில்லை" என்ற வாதம் எழுந்தால் இந்த ஒரு தாள் போதும்.

குழாயின் பருமன்

பருமன் கூடினால் பலம் கூடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. 1.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டரை அங்குலக் குழாயைவிட மூன்று அங்குலக் குழாயின் உள்வெளி ஏறத்தாழ 46 வீதம் அதிகம். டொயோட்டா ஸ்டார்லட்டின் 1,331 சீசீ டேர்போ என்ஜின் தொழிற்சாலையிலிருந்து வந்தது 135 குதிரை வலுவுடன். அதற்கு இரண்டரை அங்குலமே தாராளம். மூன்று அங்குலம் போட்டால் சத்தமும் பாரமும் செலவும் கூடும். தோட்டப் பாதையின் குறுக்கு வடிகால்களில் அடிபடவும் செய்யும். 280 குதிரை வலுவுள்ள லான்ஸர் எவொலூஷன் போன்றவற்றுக்குத்தான் மூன்று அங்குலம் பொருந்தும்.

வளைவுகளில் குழாய் நசுங்கக் கூடாது. நசுங்கிய ஒரே இடம் முழுக் குழாயின் பயனையும் கெடுத்துவிடும்.

பொருள் வாங்கும்போது

பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும் ஒரு காந்தத்தைக் கையில் வைத்திருங்கள். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடங்களில் மட்டும் இலேசாக இழுக்கலாம். 409 ரகத்தில் நன்றாக ஒட்டும். 409 போலியல்ல, ஆனால் விலை குறைந்தது, மேற்பரப்பு துருப்பிடிக்கும். 304இன் விலைக்கு 409ஐ வாங்கிவிடாதீர்கள். வாடிக்கையாளருக்கும் எந்த ரகம் என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

தண்ணீருக்குப் போடும் ஜீஐ குழாயை எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம். அதிலுள்ள நாகப்பூச்சு வெல்டிங் வெப்பத்தில் புகையாகி, வேலை செய்பவருக்குக் குளிரும் காய்ச்சலும் உண்டாக்கும்.

பொருத்தும் முறை

வெல்டிங் தொடங்கும் முன் பட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். இல்லையேல் வாகனத்தின் கணினிப் பெட்டி பழுதடையலாம். குழாயை வாகனத்தின் கீழேயே வைத்துப் புள்ளிப் புள்ளியாக ஒட்டி, பிறகு கழற்றி மேசையில் வைத்து முழுமையாக வெல்ட் செய்யுங்கள். பெற்றோல் தாங்கிக்கு அருகில் தீப்பொறி பறக்கும் ஆபத்தும் இதனால் குறையும்.

மூன்று மீற்றர் நீளமான 304 குழாய் 300 பாகை சூடேறினால் சுமார் 15 மில்லிமீற்றர் நீளும். சாதாரண இரும்பு சுமார் 11 மில்லிமீற்றர் நீளும். இந்த அசைவுக்கு இடம் கொடுக்காவிட்டால் வெல்ட் வெடிக்கும். எனவே டேர்போவுக்குச் சற்றுப் பின்னால் வளைந்துகொடுக்கும் பிளெக்ஸ் துண்டும், தொங்கவிட இறப்பர் பிடிகளும் அவசியம்.

வீதியில் ஓடும் காரில் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரைக் கழற்ற வேண்டாம். 2008இல் ஆரம்பமான வாகனப் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். பெற்றோல் வாகனத்தில் அங்கே அளக்கப்படுவது கன்வேர்ட்டர் குறைக்கும் அதே வாயுக்கள்தான். 2025இல் அதிக சத்தமிடும் சைலன்சர்களுக்கு எதிராகப் பொலிஸாரும் நாடளாவிய நடவடிக்கை எடுத்தார்கள். வீதியில் வைத்துக் கழற்றப்படும் சைலன்சரில் எமது கராஜின் பெயரும் சேர்ந்தே போகும்.

ஒப்படைக்கும் முன்

ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீர் பூசி, குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றுச் செலுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் ஒழுக்கு உண்டு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை. இருக்கைக்குக் கீழுள்ள ஒரு சிறு ஒழுக்கு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு குளிரில் பயணிக்கும் ஒரு குடும்பத்தின் உயிரையே எடுக்கலாம்.

அடுத்து, ஏற்றத்தில் ஓட்டிப் பூஸ்ட்டை மீண்டும் அளவுங்கள். குழாய் இலகுவானதும் பூஸ்ட் தானாகவே எல்லை மீறி ஏறுவதுண்டு. அதற்கேற்ற எரிபொருள் கிடைக்காவிட்டால் பிஸ்டன் உருகும். இரண்டு அளவுகளையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். காய்ந்த பத்தனைப் புல்லின் மேல் வாகனத்தை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லியனுப்புங்கள். ஊவாவின் கோடையில் புல் பற்றிக்கொள்ள ஒரு சூடான குழாய் போதும்.

விலைக் கணக்கு

கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். பொருட்கள் 60,000 ரூபா. 14 மணித்தியால வேலை, மணிக்கு 1,500 வீதம் 21,000. வாயு, வெல்டிங் கம்பி, வெட்டும் தட்டு 6,000. வாடகை, மின்சாரத்தின் பங்கு 5,000. மொத்தம் 92,000. இதில் 15 வீத இலாபம் 13,800. வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய விலை 105,800 ரூபா.

இப்போது ஓர் ஒழுக்கினால் கார் ஒரு தடவை திரும்பி வருகிறது என்போம். 5 மணித்தியாலம் 7,500, பொருள் 4,000. ஆக 11,500 ரூபா. 13,800 இலாபத்தில் எஞ்சுவது 2,300 மட்டுமே. சவர்க்கார நீர் பூசிப் பார்க்க ஆகும் கால் மணித்தியாலத்தின் பெறுமதி இதுதான்.

பந்தயக் கார்கள் வருடத்தில் சில மாதங்களே வரும். ஆனால் தோட்டங்களில் ஓடும் டபள் கெப்களிலும் லொறிகளிலும் பெரும்பாலானவை டீசல் டேர்போ வாகனங்கள். 2020 முதல் 2025 வரை நீடித்த இறக்குமதித் தடையால் பழைய வாகனங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் குழாய்களும் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு ஸ்டார்லட்டில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட கை, பசறையிலிருந்து கொழுந்து ஏற்றிவரும் லொறியில் வருடம் முழுவதும் உழைக்கும்.

எமது முற்றத்தில் நிற்கும் வாகனம் பிறருடைய அமானிதம். அதை அளந்து, எழுதி, உண்மையைச் சொல்லி ஒப்படைப்பவரிடம் அடுத்த வாகனமும் தேடி வரும்.