முழங்காற் பிணைநாரும் பந்தாட்ட வீரரின் மீட்சியும்

ஆஸ்திரேலிய முறைக் கால்பந்தாட்டம், 1859-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரில் விதிகள் வகுக்கப்பெற்று வளர்ந்த ஆட்டமாகும். நீள்வட்டமான பெருந்திடலில் பக்கத்திற்கு 18 பேராக நின்று ஆடுவர். பந்தைக் காலால் உதைத்தலும், கைமுட்டியால் அடித்து வழங்குதலும், பிறர் தோளுக்கு மேல் எழும்பி அந்தரத்திற் பிடித்தலும் இதில் உண்டு. நடுக்கள வீரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். ஆடவர் ஆட்டப் பருவம் மார்ச்சு முதல் செப்டம்பர் வரை நிகழும். அதற்கு முந்திய நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்கள் அந்நாட்டிற்குப் பெரும்பாலும் கோடை. அவையே பயிற்சிக் காலம். முந்திய பருவத்தில் முழங்காற் பிணைநார் அறுந்த வீரர் மீண்டும் களம் புகலாமா என்பது பெரும்பாலும் இம்மாதங்களிலேயே முடிவாகிறது. அம்முடிவை எவ்வளவுகோல் கொண்டு செய்வது என்பதை இங்கு ஆராய்வோம்.

முழங்கால் மூட்டு கதவின் கீலைப் போன்றது எனப் பலர் எண்ணுவர். அது முற்றும் சரியன்று. கீல் ஒரு திசையில் மட்டுமே மடங்கும். முழங்காலோ மடங்குவதோடு சிறிது சுழலவும் செய்கிறது. தொடையெலும்பின் உருண்ட முனை, கீழுள்ள கணைக்காலெலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பின்மீது அமர்ந்துள்ளது. இவ்விரண்டையும் விலகாது பிணைப்பவை பிணைநார்கள். அவற்றுள் இரண்டு மூட்டின் உள்ளேயே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. முன்னதாகிய முன் குறுக்குப் பிணைநார் ஏறத்தாழ 3 செண்டிமீட்டர் நீளமே உடையது. கணைக்காலெலும்பு முன்னோக்கி வழுவாமலும் அளவிற்கு மீறிச் சுழலாமலும் காப்பது இச்சிறு நாரின் தொழில்.

இந்நார் அறுவதற்குப் பிறர் வந்து மோத வேண்டுவதில்லை. வேகமாக ஓடுகிற வீரர் எதிரியை ஏய்க்கச் சட்டெனத் திரும்பும்போதோ, மேலெழும்பியவர் ஒற்றைக் காலில் தரையிறங்கும்போதோ அது அறுகிறது. கால் தரையைத் தொட்டபின் வினாடியின் 25-இல் ஒரு பங்கு போன்ற சிறு பொழுதிற்குள் இது நிகழ்ந்துவிடுவதாகப் படப்பதிவுகளை ஆய்ந்தோர் கண்டுள்ளனர். தசைகள் ஆபத்தை உணர்ந்து சுருங்குவதற்கு அப்பொழுது போதாது. ஆதலின், முழங்காலைச் சிறிது மடக்கித் தரையிறங்கும் பழக்கத்தை உடல் முன்கூட்டியே பெற்றிருத்தல் வேண்டும்.

தரையும் இதிற் பங்கு கொள்கிறது. நமக்கு நன்கு அறிமுகமான அறுகம்புல் ஆஸ்திரேலியத் திடல்கள் பலவற்றிலும் வளர்க்கப்படுகிறது. அறுகு படர்ந்த திடல்களில், ரை என்னும் குளிர்நிலப் புல் வளர்ந்த திடல்களைவிட இக்காயம் மிகுதி என ஜான் ஆர்ச்சர்டு என்ற மருத்துவரும் அவருடன் ஆய்ந்தோரும் கண்டனர். அறுகின் அடர்ந்த பின்னல் காலணியின் குமிழ்களை இறுகப் பற்றுவதால், உடல் திரும்பியும் பாதம் திரும்பாது நின்றுவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். விதிகளும் காயத்தைக் குறைக்கக்கூடும். நடுவர் எழும்பச் செய்த பந்தைத் தட்டுவதற்கு, நெட்டையான வீரர் இருவர் தொலைவிலிருந்து ஓடிவந்து முழங்காலோடு முழங்கால் மோதியதால் பின் குறுக்குப் பிணைநார் சிதைவுற்று வந்தது. 2005-ஆம் ஆண்டில் அவர்கள் 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள்ளிருந்தே ஓடிவர வேண்டும் என விதித்தனர். அவ்வகைக் காயம் குறைந்தது. மருத்துவத்தைவிட ஒரு சுண்ணாம்புக் கோடு மலிவானது என இதனைக் கூறலாம்.

முன் நாரோ அறுந்தபின் தானே ஒன்றுசேர்தல் அரிது. 1917-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர அறுவை மருத்துவர் ஹே குரோவ்ஸ், தொடையின் புறத்தேயுள்ள நார்ப்பட்டையை மூட்டினுள் செலுத்திப் புதுப் பிணைநார் அமைக்கும் முறையை வெளியிட்டார். இன்று முழங்காற்சில்லின் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதியையோ, பின்தொடைத் தசைநாண்களையோ எடுத்து, எலும்புகளில் துளையிட்டுப் பொருத்துகின்றனர்.

பொருத்திய அன்றே அந்நாண் பிணைநாராகிவிடுவதில்லை. குருதியோட்டம் அற்றுப்போனமையால் அதன் உயிரணுக்களுட் பெரும்பாலானவை மடிகின்றன. எஞ்சும் கொலாஜென் இழைகள் சாரம்போல் நிற்க, அவற்றினூடே புதிய குருதிக்குழாய்களும் புதிய உயிரணுக்களும் படிப்படியாகப் புகுந்து பழைய இழைகளைக் கரைத்துப் புதியவற்றை நெய்கின்றன. இவ்வேலை நடைபெறுகையில், முதல் மூன்று மாதங்களுக்குள் நாண் மிகவும் நலிவடைகிறது. முதிர்ச்சிக்கு ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகலாம். இங்குதான் இடர் உள்ளது. வீக்கம் வடிந்து, வலி நீங்கி, வீரர் இயல்பாக நடக்கத் தொடங்கும் வேளையும், உள்ளே நாண் மிக நலிந்திருக்கும் வேளையும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகின்றன. தாம் நலமுற்றதாக அவர் உரைப்பது உண்மையே. அவருடைய நாணிற்கு அது தெரியாது.

இக்காத்திருப்பைத் தவிர்க்கச் செயற்கை நாண்களை நாடியோரும் உண்டு. சிட்னி அணியின் நிக் மால்செஸ்கி 2008-ஆம் ஆண்டில் பாலியெஸ்டர் இழையாலான நாணைப் பொருத்திக்கொண்டு அதே பருவத்தில் களம் புகுந்தார். 2012-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் வெற்றியை உறுதி செய்த கடைசிக் கோலும் அவர் அடித்ததே. ஆயினும் அம்முறை பிறர் பலருக்கு இவ்வாறு பயன்தரவில்லை. நாண் அறுதலும் மூட்டு அழற்சியுறுதலும் காணப்பட்டமையால் அதன் செல்வாக்குக் குன்றியது.

நார்வேயிலும் அமெரிக்காவிலும் நடந்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அறுவைக்குப்பின் ஒன்பது மாதம்வரை, ஆட்டத்திற்குத் திரும்புதலை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது அதன் முடிவு.

எனவே பயிற்சி படிப்படியாக ஏறுகிறது. முதலில் மூட்டை முழுதும் நீட்டப் பழகுதலும், முன்தொடைத் தசையை மீண்டும் வலுப்படுத்துதலும். பின்னர் நேர்க்கோட்டில் மெல்லோட்டம். அதன்பின் குதித்தல், திசைமாறி ஓடுதல். இறுதியிலேயே பிறருடன் மோதும் பயிற்சி. கோடைப் பயிற்சியில் 2 கிலோமீட்டர் ஓட்டச் சோதனை பலராலும் விரும்பிப் பேசப்படுவது. மீண்டுவரும் வீரர் அதில் முந்தினால் ஆரவாரம் எழுகிறது. ஆனால் அச்சோதனை அளப்பது நெஞ்சையும் நுரையீரலையுமே. பிணைநாரைப்பற்றி அது ஒன்றும் கூறாது.

ஒற்றைக்காலில் தாவும் தொலைவையும் தசைவலுவையும் இரு கால்களிலும் அளந்து ஒப்பிடுதல் இதனினும் தக்கது. காயமுற்ற கால் மற்றதன் வலுவில் 90 விழுக்காட்டையேனும் எட்டவேண்டும் என்பர். இதிலும் ஒரு குறை உண்டு. மாதக்கணக்காக ஆடாதிருந்தமையால் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்ததோடு மெலிந்ததை ஒப்பிட்டால் இரண்டும் சமமெனத் தோன்றும். ஆகவே, காயமுறுமுன் எடுத்த அளவு கையிலிருப்பின் அதனோடு ஒப்பிடுதலே நன்று.

நல்ல காலும் இடருக்குப் புறம்பானதன்று. 2012 இறுதியாட்டத்தில் மால்செஸ்கியுடன் ஆடிய அலெக்ஸ் ஜான்சன், 2013-ஆம் ஆண்டுப் பருவத்திற்கு முன் இடது முழங்காற் பிணைநார் அறுபட்டார். அம்முழங்காலில் ஐந்து முறை மறுசீரமைப்பு நிகழ்ந்தது. ஏறத்தாழ ஆறாண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டு 4-ஆம் நாள் அவர் மீண்டும் முதல்தர ஆட்டத்தில் இறங்கினார். அடுத்த வார ஆட்டத்தில் அவருடைய வலது முழங்காலின் பிணைநார் அறுந்தது. ஐந்து முறை சீரமைக்கப்பெற்ற இடது முழங்கால் அன்று தாங்கி நின்றது.