நீலப் புள்ளி எப்படி நகர்கிறது?

எட்டாம் வகுப்பில் உலக வரைபடத்தை விரித்து, "உங்க வீட்டுல ரொம்ப தூரம் போய்வந்தவங்க யாரு?" என்று கேட்டேன். நாமக்கல் பக்கத்துப் பள்ளி. பாதிக் கைகள் அப்பாக்களுக்காக உயர்ந்தன. முட்டை லோடு ஏற்றி வடகிழக்கு வரை போனவர், திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஆப்பிரிக்கா போனவர் என்று பட்டியல் நீண்டது. எப்படி வழி தெரிந்தது என்றதற்கு ஒரே குரலில் பதில்: "போன்ல மேப் போட்டுப் போவாங்க சார்." போனுக்கு எப்படித் தெரிந்தது என்றேன். அமைதி. பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் ஒரு கதை சொன்னேன். கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று நினைத்தார். அதற்காக நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைத் திரட்டினார். படம் 1940இல் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற அவரது நூலின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. யாரிடம் எந்தச் சுருள் இருக்கிறது என்று அறிய அவர் கடிதம் எழுத வேண்டும், நேரில் போய்க் கேட்க வேண்டும். இன்று அந்த வேலையில் பாதியைக் கோட்டையூரில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். "அப்ப அவரு அவ்வளவு ஊரு பார்த்திருக்க மாட்டாரே" என்றான் ஒரு மாணவன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடுத்து அறிவியல். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடம் அறிய மூன்று கோள்கள் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போனின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானதல்ல. அந்தப் பிழையைத் திருத்த நான்காவது கோள் வேண்டும். அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத்தில்தான் நீக்கியது. அதற்கு முன் நூறு மீட்டர் வரை தவறலாம். அந்தத் துல்லியத்தில் பைபாஸையும் சர்வீஸ் ரோட்டையும் எப்படிப் பிரித்தறிவது?

நெட் இல்லாவிட்டால் போனுக்கு இடம் தெரியாது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டுமே செய்கிறது. நெட் தேவைப்படுவது வரைபடத்துக்குத்தான். சேலம், நாமக்கல் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி, சிம் கழற்றிய பழைய போனை மைதானத்துக்குக் கொண்டுபோனோம். சில நிமிடம் காத்திருந்தோம். நீலப் புள்ளி வந்தது, எங்களோடு நடந்தது. நாளை இவர்களில் சிலர் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போவார்கள். உள்ளூர் சிம் வாங்குமுன் விமான நிலையத்துக்கு வெளியே நிற்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு இது உதவும்.

வீட்டுப்பாடமாக, செல்போனுக்கு முன் எப்படி வழி கண்டுபிடித்தார்கள் என்று அப்பாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதிவரச் சொன்னேன். ஒருவர் தாபா பெயர்களையும் திரும்ப வேண்டிய இடங்களையும் குறித்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறாராம். கார் போகும் சந்தில் மேப் இழுத்துவிட்டதால் லாரியைப் பின்னோக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆன அப்பா, இப்போதும் டீக்கடையில் கேட்டுத்தான் திரும்புகிறார். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "முன்னாடி ஹாரன் சத்தம் கேட்டாத்தான் அப்பா வந்தது தெரியுமாம். இப்ப தொப்பூர் தாண்டுனதை அம்மா போன்ல பார்த்துட்டு உலை வைப்பாங்க."

கடைசியாக, போனைத் தொடாமல் வெற்று இந்திய வரைபடத்தில் அப்பா போன பாதையை வரையச் சொன்னேன். போனில் நொடியில் வழி தேடுபவர்கள் வடக்கு எது என்பதிலேயே தடுமாறினார்கள். ஒருவன் குவாஹாத்தியைக் குஜராத்தில் வைத்தான். மறுநாள் காலை மணி அடிக்குமுன் வந்து, அப்பாவிடம் கேட்டதாகச் சொல்லி, ரப்பரால் அதை அழித்துக்கொண்டிருந்தான்.