எங்கள் ஊர்ப் பெயர்கள் எங்கிருந்து வந்தன?

நான் வட்டகொடையைச் சேர்ந்தவள். விடுதிக்கு வந்த புதிதில் தோழி ஒருத்தி, "உங்கட ஊர்ப் பெயருக்கு என்ன கருத்து?" என்று கேட்டாள். நான் யோசிக்காமல், "கொடை என்றால் தானம். ஏதோ ஒரு அரசன் வட்டமான காணியைத் தானமாகக் கொடுத்திருப்பான்" என்றேன். அரசனும் காணியும் என் கற்பனை. ஆனால் அவள் அதை நம்பித் தன் ஒப்படையில் எழுதிவிட்டாள்.

விடுமுறையில் இதை வாப்பாவிடம் சொன்னேன். பஸாரில் கடை வைத்திருக்கும் அவருக்குச் சிங்களமும் நன்றாகத் தெரியும். அவர் சிரித்துவிட்டு, "மகள், ஸ்டேஷன் போர்ட்டில் சிங்களத்தில் இருக்கிறதையும் வாசிச்சுப் பாருங்க. அது வட்டகொட. சிங்களப் பெயருக்குச் சிங்களத்திலதான் கருத்துத் தேடணும்" என்றார்.

தேடினேன். சிங்களத்தில் 'வட்ட' என்பது சுற்று, வட்டம் என்பதைக் குறிக்கும். 'கொட' என்றால் நீரில்லாத தரை, மேடு, குவியல். பலாங்கொடையில் இருப்பதும் இதே 'கொட'தான். ஆக, எங்கள் ஊர்ப் பெயரில் இருப்பது தானம் அல்ல, நிலம்.

'கொட' எப்படிக் 'கொடை' ஆனது? நன்னூலில் படித்த வடசொல்லாக்கம் நினைவிருக்கிறதா? மாலா என்ற வடசொல் தமிழில் மாலை ஆகிறது. சொல்லின் இறுதியை 'ஐ' ஆக்கிக்கொள்வது தமிழ் நாவுக்குப் பழக்கமானது. சிங்கள ஊர்ப் பெயர்களிலும் அப்படியே நடந்திருக்கிறது. புல்வெளியைக் குறிக்கும் 'பத்தன', அக்கரப்பத்தனையில் 'பத்தனை' ஆயிற்று.

இன்னும் இரண்டு ஊர்களைப் பாருங்கள். கொட்டகலையின் சிங்களப் பெயரில் இறுதியில் வருவது 'கல', அதாவது பாறை. தலவாக்கலையின் இறுதியில் வருவது 'கெலே'; அதாவது காடு. பாறையும் காடும் தமிழில் ஒரே 'கலை' ஆகிவிட்டன! தமிழை மட்டும் வைத்துப் பொருள் சொன்னால் இரண்டுமே கலை வளர்த்த ஊர்கள் ஆகிவிடும். 1885இல் ரயில் சென்றடைந்த நானுஓயாவும் இப்படித்தான். அங்கே 'ஓயா' என்றால் ஆறு. ஓய்வில்லாதது என்று பொருளல்ல.

ஆங்கிலச் சொற்களும் இவ்வாறு மாறியுள்ளன. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளை வெள்ளைக்காரத் துரைமார் 'லைன்' என்றார்கள். அது நம்மவர் வாயில் 'லயம்' ஆயிற்று. இசையில் வரும் லயத்துக்கும் அந்தச் சிறிய காம்பராக்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இப்படி மாற்றிச் சொன்னது பிழையா? இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தென்னிந்தியாவிலிருந்து வந்து உழைத்த மக்கள், கேட்ட பெயரைத் தம் நாவுக்கு ஏற்ப வழங்கினார்கள். பல தலைமுறையாக அவர்கள் இங்கே வாழ்ந்ததற்கு 'வட்டகொடை' என்ற தமிழ் வடிவமே ஒரு சாட்சி. பிழை நான் செய்ததுதான்: ஒலியை வைத்து ஒரு வரலாற்றைக் கட்டியது. எங்கள் நாட்டில் "இந்த ஊர் யாருடையது?" என்ற கேள்வி எவ்வளவு மனவருத்தங்களைத் தந்திருக்கிறது என்பது பெற்றோருக்குத் தெரியும். ஊகத்தை வரலாறாக எழுதினால் அந்த வருத்தம்தான் வளரும்.

ஓர் இடத்துக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரே மலையைச் சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். இந்துக்கள் சிவனொளிபாதமலை என்கிறார்கள். நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் அந்த மலையில் ஏறினார். ஒரு பெயர் இருப்பதால் மற்றது பொய்யாகிவிடவில்லை.

வாப்பாவின் கடன் கொப்பியில் 'மேட்டு லயம்', 'பணிய லயம்' என்று ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். தோட்டத்து மக்கள் தாமே வைத்த பெயர்கள் அவை. இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் வாழ்கின்றன. சொல்ல ஆளில்லாமல் போனால் பெயரும் போய்விடும்.

விடுதிக்குத் திரும்பியதும் தோழியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் அரசனை வெட்டிவிட்டுச் சரியான பொருளை எழுதினாள். தங்கைமாரே, இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பெயரை மற்ற மொழியில் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அந்த மொழி பேசும் அயலவரிடம் பொருள் கேளுங்கள். வீட்டு மூத்தவர்களிடம் பழைய பெயர்களைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்கும்போது கொஞ்ச நேரம் ஒதுக்கிச் சொல்லிக் கொடுங்கள்.