மரதன் ஓட்டம் காணச் செல்வோம்



மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1976இல் மொன்றியல் ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டத்தை வென்றவர் கிழக்கு ஜேர்மனியின் வால்டெமார் சியர்பின்ஸ்கி. அன்று பெண்களுக்கு மரதன் இல்லை. 1984இல்தான் ஒலிம்பிக்கில் அவர்களுக்கு வழி திறந்தது. மொன்றியல் நகர மரதன் 1979இல் தொடங்கியது. இன்று அதில் இருபாலாரும் ஓடுகின்றனர்.

வழக்கமாகச் செப்டெம்பரில் நடைபெறும் இவ்வோட்டத்தைக் காண எவ்வாறு செல்லலாம்? அன்று பல வீதிகள் மூடப்படும். எனவே மெட்ரோவே ஏற்றது. வில்லரேயின் ஜாரி நிலையத்தில் செம்மஞ்சள் வழியில் ஏறி, பெரி-யூக்காமில் மாறுக. அங்கிருந்து பச்சை வழி ஒலிம்பிக் அரங்கிற்கும், மஞ்சள் வழி ஜோன் டிராப்போ பூங்காவிற்கும் செல்லும். ஓட்டப் பாதை மாறக்கூடுமாதலால், அவ்வாண்டின் வரைபடத்தைப் பார்த்து நிற்குமிடத்தை முன்னரே தெரிவு செய்க.

ஓட விரும்பும் பெற்றோர் வைத்தியரின் ஆலோசனை பெற்று, பல மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்கி, தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுதல் வேண்டும். அயலிலுள்ள ஜாரி பூங்கா அதற்கு உகந்தது.

முதல்வருக்குக் கைதட்டப் பலர் உளர். பல மணிநேரம் களைப்போடு போராடி இறுதியில் வருபவருக்கும் காத்திருந்து கைதட்டுவோம்.

பயிற்சி: மரதனில் பெண்களுக்கு இடமளிக்கப்பட்டமை பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக.