நீலத் தலைக்கவசம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஐ.நா.வுக்குச் சொந்தமாக ஒரு ராணுவம் இருக்கிறது, மனம் வைத்தால் எந்தப் போரையும் அது நிறுத்திவிடும் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மற்றத் தவறான எண்ணங்களுக்கெல்லாம் வேர் இதுதான். ஐ.நா.விடம் ஒரு சிப்பாய்கூடக் கிடையாது. உறுப்பு நாடுகள் படைகளை ஒதுக்கித் தரவேண்டும் என்று 1945ஆம் ஆண்டுச் சாசனத்தின் 43ஆவது பிரிவு சொல்கிறது. வல்லரசுகளின் பகையால் அது இன்றுவரை ஏட்டளவிலேயே நிற்கிறது. காங்கோவிலோ தெற்கு சூடானிலோ நீலத் தலைக்கவசத்தோடு காவல் நிற்பவர் இந்தியா, வங்கதேசம், நேபாளம் போன்ற ஏதோ ஒரு நாட்டின் சிப்பாய். அவரை அனுப்புவதும் திரும்ப அழைத்துக்கொள்வதும் அந்த நாட்டின் கையில்தான் இருக்கின்றன.

‘வீட்டோ அதிகாரம் இருக்கும்வரை ஐ.நா.வால் ஒன்றும் ஆகாது’ என்பது அடுத்த நம்பிக்கை. பாதி உண்மை என்பதால்தான் இது இவ்வளவு வலுவாக நிற்கிறது. ஆனால் முதல் ஆயுதமேந்திய அமைதிகாப்புப் படை பிறந்ததே வீட்டோவை மீறித்தான். 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமை ஆக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேல் படையெடுத்தது. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்துகொண்டன. தாக்கியவர்களில் இருவர் பாதுகாப்புச் சபையின் நிரந்தர உறுப்பினர்கள். போரை நிறுத்தச் சொன்ன தீர்மானத்தை அவர்களே வீட்டோ செய்தார்கள். விவகாரம் பொதுச் சபைக்குப் போனது. சண்டையிடும் தரப்புகளுக்கு நடுவே ஒரு சர்வதேசப் படையை நிறுத்தலாம் என்று கனடாவின் வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் முன்மொழிந்தார். சாசனத்தில் அப்படி ஓர் ஏற்பாடே இல்லை. இருந்தும் பொதுச்செயலாளர் டாக் ஹமர்ஷோல்ட் சில நாள்களில் அதற்கு உருவம் கொடுத்தார். நவம்பர் நடுவில் முதல் வீரர்கள் எகிப்தில் இறங்கினார்கள். தூரத்திலிருந்தே அடையாளம் தெரியவேண்டும் என்று அவசர அவசரமாக நீல வண்ணம் பூசிய தலைக்கவசங்கள்தான் இன்றைய அடையாளம். இந்தியாவும் அதற்குப் படை அனுப்பியது.

1967இல் எகிப்து வெளியேறச் சொன்னதும் அந்தப் படை வெளியேறத் தொடங்கியது. அடுத்த மாதமே போர் மூண்டது. வரவேற்கும் நாட்டின் சம்மதம் இல்லாமல் அமைதிகாப்பு நிற்காது என்ற பாடம் அங்கே கிடைத்தது.

ருவாண்டாவில் நீலத் தலைக்கவச வீரர்கள் பயந்து ஓடினார்கள் என்ற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. படுகொலை தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, 1994 ஜனவரியில், பதுக்கிய ஆயுதங்களைக் கைப்பற்ற அங்கிருந்த ஐ.நா. படையின் தளபதி ரோமியோ டலேர் முனைந்தார். நியூயார்க் தலைமையகம் தடுத்தது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. பெல்ஜியம் தன் வீரர்களில் பத்துப் பேரை இழந்து, படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. கூடுதல் படை கேட்ட டலேருக்குப் பாதுகாப்புச் சபை தந்த பதில், படையை 270 பேராகக் குறைக்கும் தீர்மானம். எஞ்சிய சில நூறு பேர், பெரும்பாலும் கானா நாட்டவர், அங்கேயே நின்று ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார்கள். சுமார் நூறு நாளில் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். இந்தப் பழியில் பெரும்பங்கு சபையில் கை தூக்கிய அரசுகளுடையது.

நம்மிடையே ஒரு குழப்பம் தனியாக உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை ஐ.நா. படை அல்ல. இரு அரசுகளின் ஒப்பந்தத்தின் பேரில் சென்ற இந்திய ராணுவம் அது.

இதற்கெல்லாம் கோடிகோடியாகப் பணம் வீணாகிறது என்பவர்களுக்கு ஒரு கணக்கு: உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிடுவதில் ஐ.நா. அமைதிகாப்பின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு.

‘போன இடமெல்லாம் தோல்விதான்’ என்பவர்கள் லைபீரியாவைப் பார்க்கட்டும். நீண்ட உள்நாட்டுப் போருக்குப் பிறகு 2003இல் ஐ.நா. படை அங்கே போனது. 2007இல் இந்தியா அனுப்பிய பெண் காவலர் படைப்பிரிவு, பெண்கள் மட்டுமே கொண்ட முதல் ஐ.நா. காவல் பிரிவு. 2018இல் பணி முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். 2023 தேர்தலில் தோற்ற அதிபர் ஜார்ஜ் வியா, வென்றவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். அப்போது அந்நாட்டில் ஐ.நா. அமைதிப்படை இல்லை.