எட்டாம் நாள்

விழுப்புரம் மாவட்டக் கடலோரத்தில் உப்புப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்துகிடக்கும் ஊர் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. மழைக்காலம் ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர்செய்யும் பணி தொடங்கும்; அடுத்த வடகிழக்குப் பருவமழை வரும்வரை உப்பு விளையும். வெயிலின் கடுமைக்கு அஞ்சித் தொழிலாளர்கள் விடியுமுன்பே பாத்தியில் இறங்கிவிடுவர். வேலைக்குச் செல்லாத நாளில் கூலி இல்லை. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு முற்பகலைச் செலவிடுவதும் அவர்களுக்கு ஓர் இழப்பே.

இங்குள்ள மூதாட்டியரைப் போன்றோர், தமிழகத்தின் பிற சிற்றூர்களிலும், பிறந்த குழந்தையின் முதல் எட்டு நாள்களை அச்சத்தோடு எண்ணிய காலம் ஒன்று உண்டு. நன்றாகப் பால் குடித்துவந்த குழந்தை திடீரென வாய் திறக்க இயலாமல் தவிக்கும். உடல் வில்லாக வளையும். சில நாள்களில் உயிர் பிரியும். பேயென்றும் கண்ணேறு என்றும் கருதி அழுதனர் பெற்றோர். தூய்மையற்ற கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடியை அறுக்கும்போது புகும் நுண்ணுயிரியால் வரும் இரணஜன்னியே அந்நோய். மண்ணில் உறங்கிக்கிடக்கும் கிருமி அது. 1988ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் இறந்ததாக உலக நல நிறுவனம் மதிப்பிட்டது. இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளின் இரணஜன்னி ஒரு பொதுநலச் சிக்கலாக இல்லாத அளவுக்கு ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்ட ஆண்டு 2015.

கருவுற்ற தாய்க்குப் போடப்படும் ஊசியும் தூய்மையான மகப்பேறும் இம்மாற்றத்தை நிகழ்த்தின. அவற்றை வீட்டுவாசல்வரை கொண்டுசேர்த்தவர் கிராமச் சுகாதாரச் செவிலியர். சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது ஏற்பாடு. கருவுற்ற பெண்ணைப் பதிவுசெய்வது, இரும்புச்சத்து மாத்திரை தருவது, மகப்பேற்றுக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டிற்கே சென்று பார்ப்பது ஆகியன அவர் கடமைகள். தடுப்பு மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் காக்கும் குளிர்பெட்டியைச் சுமந்து வெயிலில் நடப்பதும் அவரே. மக்கள் அவரை ‘நர்சம்மா’ என்றே அழைக்கின்றனர். பெயர் கேட்டால் பலருக்குத் தெரியாது.

ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்களுக்கான ஊசிக்குப் பின் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் காண்பதுண்டு. ஊசிக்கு முன் எந்தக் குறையுமின்றி இருந்த குழந்தை இரவில் கொதித்து அழுதால் பெற்றோர் என்ன நினைப்பர்? அடுத்த ஊசிக்கு அவர்கள் வராமலே போகலாம். எனவே, எந்த ஊசி எதற்கு, அதன்பின் என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்பவற்றைச் சொல்லியனுப்புமாறு செவிலியருக்குப் பயிற்சி தரப்படுகிறது. “இன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரலாம், பயப்படாதீங்கம்மா” என்று அமர்ந்து சொல்ல அரை நிமிடமே ஆகும். மறுநாள் அவ்வழியே செல்கையில் வாசலில் நின்று “குழந்தை தூங்குச்சா?” என்று கேட்பதற்கோ எந்தப் பயிற்சியும் கற்பிக்க வேண்டியதில்லை. கூலியை இழந்து வந்த தாயைக் கடிந்துகொள்ளாத செவிலியரிடமே அத்தாய் மீண்டும் வருகிறாள்.

நோயிலிருந்து மீட்ட மருத்துவரை நினைக்கும் அளவுக்கு, நோயே வராமல் காத்தவரை உலகம் நினைப்பதில்லை. நேராத துயருக்குச் சாட்சி ஏது? ஆயினும் சாட்சி சொல்லக்கூடியவர் சிலர் வீட்டில் இருக்கின்றனர். எட்டாம் நாளில் தம் குழந்தையைப் பறிகொடுத்த மூதாட்டியர்தாம் அவர்கள். பேரக்குழந்தையை மடியில் கிடத்திச் செவிலியரை எதிர்நோக்கும் அவர்களது நன்றி, இளந்தாயின் நன்றியினும் ஆழமானது. அவர்கள் அறிந்தது அதிகம்.

அந்நன்றி பெரும்பாலும் சொல்லாக வெளிப்படுவதில்லை. புதிதாய் வாரிய உப்பில் ஒரு பை, வலையில் விழுந்த மீனில் ஒரு பங்கு, கொதிக்கும் வெயிலில் ஒரு சொம்பு மோர். மோரை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, “அடுத்த ஊசிக்கு அட்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க” என்று செவிலியர் புறப்படுகிறார். தடுப்பூசி நாளாகிய புதன்கிழமையில் தாய் அட்டையுடன் வருகிறாள். உடன், இதுவரை வரத் தயங்கிய பக்கத்து வீட்டுக் கருவுற்ற பெண்ணும் வருகிறாள்.