பாடம்: பள்ளிக்கூடத்துக்கு வரும் நர்சம்மாவும் நாமும்



கூடங்குளம் பகுதிக் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஸ்கூல்ல சத்து மாத்திரை குடுத்தாங்க, பிள்ளைக்கு வயித்தப் பெரட்டிச்சு. இனிமே வாங்காதன்னு சொல்லிட்டேன்." இதை மாற்றுவது நர்சம்மா ஒருவரால் மட்டும் ஆகாது. எப்படி ஆகும் என்பதே இந்த மாதப் பாடம்.

நடந்த வரலாறு

1902-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரம். டாக்டர்கள் பள்ளிகளுக்கு வந்து சொறி, பேன், கண்நோய் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழைத் தாய்மாருக்கு வைத்தியம் தெரியாது. நோயும் தீரவில்லை, படிப்பும் போனது.

லிலியன் வால்ட் என்ற செவிலியர், லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை அந்த அக்டோபரில் ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். லினா பள்ளியிலேயே மருந்து போட்டார். வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் செய்தும் காட்டினார். பலனைப் பார்த்த நகர நிர்வாகம் மேலும் 12 செவிலியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் 10,567 தடவை பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 1903 செப்டம்பரில் அது 1,101 ஆகக் குறைந்தது.

இதில் கற்பது என்ன?

1. சின்னதாகத் தொடங்கினார்கள்.
2. கணக்கு எழுதிக் காட்டினார்கள். அதனால்தான் அதிகாரிகள் நம்பினார்கள்.
3. தாயைக் குறை சொல்லாமல், கூட நின்று கற்றுக் கொடுத்தார்கள்.

நம்ம ஊரில்

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு அரசு வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறது. குடற்புழு மாத்திரை வருஷத்துக்கு இரண்டு தடவை. இரத்தசோகை உள்ள பெண் பிள்ளைக்குச் சோர்வு வரும், பாடத்தில் கவனம் நிற்காது. நாளைக்குப் பிரசவத்திலும் அது ஆபத்து.

வெறும் வயிற்றில் போட்டால்தான் பெரும்பாலும் குமட்டுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தாங்கும். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம். மாத்திரையோடு டீ, காப்பி கூடாது, சத்து உடம்பில் சேராது. நெல்லிக்காய், எலுமிச்சை நல்லது.

ஒரு கிராம சுகாதாரச் செவிலியருக்குப் பல வேலைகள். அவர் சொன்னது பள்ளியில் நிலைக்க வேண்டுமானால் தலைமை ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், தாய்மார் மூன்று பேரும் சேர வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே பேச நமக்கு உரிமை உண்டு.

குழு செய்ய வேண்டியது

• அடுத்த கூட்டத்துக்கு நர்சம்மாவை அழைத்து, சந்தேகங்களை நேரில் கேளுங்கள்.
• சாப்பாட்டுக்குப் பிறகு, குடிதண்ணீர் வைத்து, ஆசிரியர் முன்னால் மாத்திரை கொடுக்கும்படி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.
• ஒரே ஒரு வகுப்பில் மூன்று மாதம் செய்து பாருங்கள். எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேர் லீவு என்று ஆசிரியரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

கலந்து பேச

1. நம்ம பிள்ளைகளில் யார் யார் மாத்திரையை வாங்காமல் இருக்கிறார்கள்? ஏன்?
2. மேலாண்மைக் குழுவில் நம் குழுவைச் சேர்ந்தவர் யார்?
3. நோட்டு எழுதும் பொறுப்பு யாருக்கு?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கணக்கு எழுதத் தெரிந்த கை நம்ம கை. பிள்ளைகள் ஆரோக்கியத்துக்கும் அது உதவட்டும்.